ஆசீர் பிரதர் மைக்கில் சொன்னது

ஆசீர் எங்கள் சபைக்கு வாலிபர் ஊழியராக வந்து இறங்கிய அன்று, ஆளைப் பார்த்ததுமே கமிட்டிக்காரர்களுக்கு ஒரு தெம்பு வந்தது. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம், வாசல் நிலை இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்து வர வேண்டிய ஆள். எங்கள் வாலிபப் பையன்கள் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறவர்கள். இவர் போய் நின்றாலே அடங்கிவிடுவார்கள் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். அந்த உடம்பு முழுக்கப் பயம்தான் இருக்கிறது என்பது முதலில் தெரிந்தது எனக்குத்தான்.

நான் சபையில் கீபோர்டு வாசிக்கிறவன். பிழைப்புக்குக் காலனி முக்கில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையைத்தான் ஆசீருக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். வந்த முதல் நாள் சாயந்தரமே படியிறங்கி வந்து கடை வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, மேல ஒரு பல்லி கெடக்கு. அது போற வரைக்கும் இங்கன உக்காந்துக்கிடட்டுமா?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடையை அடைக்கிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு நான்தான் விளக்குமாற்றோடு மேலே போய்ப் பல்லியை விரட்டிவிட்டு வந்தேன். பல்லிக்கு மட்டுமா பயந்தார்? தெருநாய்க்குப் பயம். கரண்ட் போனால் பயம். கமிட்டிச் செயலாளர் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வார். எனக்குப் பயந்தாங்கொள்ளிகளைக் கண்டால் எரிச்சல் வரும். அதனால் முதல் வாரமெல்லாம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் ஆள் நல்லவர். சாயர்புரம் பக்கம் சொந்த ஊர். கூரியர் ஆபீஸில் பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தவரை, அவருடைய அம்மாதான் ஊழியத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள். கைப்பிள்ளையாக இருக்கும்போது ஜன்னி கண்டு பிழைக்க மாட்டான் என்று டாக்டர் கைவிரித்தபோது, பிழைத்தால் உமக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அவள் கர்த்தரிடம் பொருத்தனை பண்ணியிருந்தாளாம். பிள்ளை பிழைத்தது மட்டுமல்ல, இவ்வளவு பெரிதாகவும் வளர்ந்துவிட்டது. கொடுக்காமல் இருக்க முடியுமா?

அவருக்கு முன்னால் இருந்த ஊழியர் கிட்டார் வாசிப்பார், கிரிக்கெட் ஆடுவார், பையன்களோடு தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்பார். அவர் பெங்களூருக்குப் போய்விட்டார். ஆசீர் நடத்திய முதல் வாலிபர் கூட்டத்தில், முத்துசெல்வம் என்கிற பையன் பின் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டே, "பிரதர், நீங்க என்ன வாசிப்பீங்க?" என்று கேட்டான். "பைபிள் வாசிப்பேன்" என்றார் ஆசீர். அவர் உண்மையாகத்தான் சொன்னார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருடைய சட்டை முதுகில் நனைந்திருந்ததை நான் பார்த்தேன்.

பேச வராது, பாட வராது. ஆனால் ஜெபம் பண்ணக் கண்ணை மூடிவிட்டால் ஆளே வேறு. குரல் இறங்கி, நிதானமாக, தடங்கல் இல்லாமல் வரும். பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி கர்த்தரிடம் பேசுவார். கண் மூடியிருக்கிற நேரத்தில் மட்டும் அவருக்கு எதற்கும் பயமில்லை. அதை அவரே என்னிடம் சொன்னார். "கண்ண மூடிட்டா யாரும் இருக்க மாதிரி தெரியல அண்ணாச்சி. நானும் அவரும்தான்." அப்போது அது எனக்கு நல்ல குணமாகத்தான் பட்டது.

ஈஸ்டர் முடிந்து, மே மாத வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். வாலிபர் கூட்டம் முடிந்ததும் ஜெபக்குறிப்பு கேட்பது வழக்கம். எனக்குப் பரீட்சை, என் அண்ணனுக்கு வேலை, பாட்டிக்கு முட்டு வலி என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அன்றைக்கு எல்லோரும் போன பிறகு பிரித்திகா மட்டும் நின்றாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். அப்பா இல்லை. அம்மா சுடலையம்மாள் தீப்பெட்டி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், ஆலையில் மெஷின் வந்து ஆள் குறைத்தபோது வீட்டோடு நின்றுவிட்டாள். ஞானஸ்நானத்தில் அம்மாவுக்கு ரூத் என்று பெயர் வைத்திருந்தார்கள். குருவானவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அண்ணா, அம்மா வீட்டுல வச்சுக் கருந்திரி வேல பாக்குது. யார்ட்டயும் சொல்லிராதீங்க. ஜெபம் மட்டும் பண்ணுங்க. எனக்கு ராத்திரி ஒறக்கமே வர மாட்டேங்குது" என்று ஆசீரிடம் சொல்லியிருக்கிறாள்.

சாயர்புரத்துக்காரருக்குக் கருந்திரி என்றால் என்ன தெரியும்? பட்டாசுக்கு நெருப்பை எடுத்துக்கொண்டு போகிற கறுப்புத் திரி அது. நூலில் வெடிமருந்து ஏற்றிக் காயவைத்துக் கட்டுக் கட்டாகச் சேர்ப்பார்கள். லைசென்ஸ் வாங்கிய ஆலைக்குள், தனி ஷெட்டில் செய்ய வேண்டிய வேலை. அதை ஏஜென்ட் ஆட்கள் சாக்கில் கட்டி வீடுகளுக்குக் கொண்டு வந்து போட்டுவிட்டுப் போவார்கள். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து பெண்கள் வெட்டிக் கட்டிக் கொடுப்பார்கள். ஒரு பொறி பட்டால் வீடு இருக்காது. ஆசீர் என் கடையில் உட்கார்ந்து, யாருக்கோ என்கிற மாதிரி, "கருந்திரின்னா ரொம்ப ஆபத்தோ?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் நானும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க மேலே இருந்து அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில், மத்தியானம், விளக்கு வைத்த பிறகு. வார்த்தைகள் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. பிறகு அவர் சொல்லித்தான் தெரியும், அத்தனை தடவையும் ஒரே ஜெபத்தை ஒரே வார்த்தைகளில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியே பண்ணியிருக்கிறார். சொல்லிச் சொல்லி அது நாக்கில் தடமாகப் பதிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர் அவரைக் கூப்பிட்டு, வாலிபருக்காக ஜெபம் பண்ணச் சொன்னார். மைக்கைக் கையில் வாங்கியதும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். யாராவது ஜெபம் பண்ணும்போது பின்னணியில் மெல்லிசாக ஒரு கார்டை, அதாவது மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தி வரும் சுரத்தை, பிடித்துக்கொண்டு இருப்பது என் வேலை. பிடித்தேன். அவர் குரல் இறங்கி நிதானத்துக்கு வந்தது. படிக்கிற பிள்ளைகள், வேலை தேடுகிற பிள்ளைகள், கெட்ட பழக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக வந்தது. வழக்கம்போல ஒவ்வொன்றுக்கும் சபை "ஆமென்" சொன்னது. பிறகு அந்தத் தடம் வந்தது.

"பிரித்திகா மகளுடைய வீட்ட நீர் பாத்துக்கொள்ளும் ஆண்டவரே. அந்த வீட்டுக்குள்ள கட்டி வச்சிருக்க கருந்திரி மூட்டை மேல உம்முடைய கரம் இருக்கட்டும். சுடலையம்மாள் அக்காவோட கை பிசகாம காத்துக்கொள்ளும்."

ஆலயத்தின் உச்சியில் நாலு திசைக்கும் குழாய் ஸ்பீக்கர் இருக்கிறது. காலனி முழுக்கக் கேட்கும், அதைத் தாண்டிக் கழுகுமலை ரோடு வரைக்கும் கேட்கும். பாதிப் பேர் பழக்கதோஷத்தில் "ஆமென்" சொல்லிவிட்டார்கள். மீதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. என் விரல் கீபோர்டிலேயே ஒட்டிக்கொண்டது. கார்டு மட்டும் நீளமாக இரைந்துகொண்டிருந்தது. 

பெண்கள் பக்கம் பிரித்திகா எழுந்து வெளியே போனாள். சுடலையம்மாள் சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். அவளைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து பெண்கள், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்கள். ஆசீர் "ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பாய்களில் இடைவெளி விழுந்திருந்தது. என்ன நடந்தது என்று முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு புரிந்துவிட்டது. மைக்கை மேஜையில் வைக்கப் போய்க் கீழே போட்டார். அந்தச் சத்தமும் நாலு திசைக்கும் போனது.

ஆராதனை முடிந்ததும் குருவானவர் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். "வியாதிக்காரருக்குப் பேரச் சொல்லி ஜெபிக்கலாம். இதுக்குமா பேரச் சொல்லுவீங்க? வெளிய போலீஸ்காரன் நின்னிருந்தா என்ன ஆகுறது?" என்றார். ஆசீர் என்னோடு நடந்து வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன், பிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, எந்திரிச்சுப் போன பொம்பளைங்க எல்லாரும் என் மேல கோவப்பட்டுத்தான போனாவ?"

"பின்ன?" என்றேன். அப்போது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர் பயந்தது அதற்கு மட்டுமில்லை. போலீஸ் வருமா, ஏஜென்ட் ஆள் அனுப்புவானா, அந்தப் பெண் ஏதாவது செய்துகொள்வாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவமானத்தில் பிரித்திகா தன்னை மாய்த்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டபோது, சும்மா இருங்க என்று அதட்டினேன். அதட்டி என்ன செய்ய? என் பயத்தை நான் அப்படித்தான் காட்டுவேன்.

மத்தியானம் வெயில் உச்சியில் இருந்தபோது மேற்கே படபடவென்று வெடிச் சத்தம். ஏதோ ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போட்ட வெடி. மே மாதத்தில் எங்கள் பக்கம் இது தினப்படி நடக்கிற விஷயம். அந்த நேரத்தில் ஆசீருக்கு அது எங்கே தோன்றும்? "ஐயோ, பிரித்திகா" என்று ஒரு கத்தல். அடுத்த நொடி அந்தப் பெரிய உடம்பு வெறுங்காலோடு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நாய் குரைத்துக்கொண்டு பின்னால் போனது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு ஓடிப் போய்ச் சேருவதற்குள் அவர் சுடலையம்மாள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். வீடு வீடாகவே இருந்தது.

பிரித்திகாதான் கதவைத் திறந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. உயிரோடு அவளைப் பார்த்ததும் ஆசீர் நிலையைப் பிடித்துக்கொண்டார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. உள்ளே சுடலையம்மாள் ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஒரு சாக்கு மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இன்னொன்று ஏற்கெனவே மேலே போயிருந்தது. அதுவரை கட்டிலுக்கு அடியில் குளிர்ந்த தரையில் கிடந்த மூட்டைகள் அவை. பரணுக்கு மேலே தகரக் கூரை.

"வாங்க தம்பி, வாங்க" என்றாள் சுடலையம்மாள். "இன்னும் என்ன பாக்கி இருக்கு? போலீஸ் ஸ்டேசனுக்கும் ஒரு குழாய் கட்டுங்க."

"அக்கா, அத இறக்குங்க. தகரம் சுடுது."

"சுட்டா என்ன? எட்டு வருசமா இந்தத் திரியோடதான் படுத்து எந்திரிக்கேன். ஒண்ணும் ஆகல. இன்னைக்கு உங்களாலதான் இத ஒளிச்சு வைக்கிற கெதி வந்துட்டு."

ஆசீர் கையை நீட்டித் தகரத்தின் ஓரத்தைத் தொட்டார். அவர் உயரத்துக்கு அது எட்டியது. தொட்ட கையைச் சுரீரென்று இழுத்துக்கொண்டார். அவளுக்கு எட்டாது. அத்தனை வருஷமாக அந்தக் கூரையை அவள் தொட்டே பார்த்ததில்லை.

"நான் போவ மாட்டேன்" என்றார் ஆசீர். "நான் ரூமுக்குப் போனா எப்ப சத்தம் கேக்கும் எப்ப சத்தம் கேக்கும்னு செத்துக்கிட்டே இருக்கணும். அதுக்கு இங்கனயே இருந்துக்கிடுதேன். வெடிச்சா நானும் சேந்து போறேன்." சொல்லிவிட்டு வாசலுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தால் வாசல் அடைபட்டுவிடும். அவர் நடுங்குவது நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் சாத்தி வைத்திருந்த தட்டு, அவர் தோள் பட்டு, கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

சுடலையம்மாள் அந்தத் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்டூலில் இருந்து இறங்கினாள்.

தண்ணீரில் முக்கிவிட்டால் திரி செத்துவிடும். ஆனால் வீட்டில் ஏது தண்ணீர்? குழாயில் தண்ணீர் வந்து பல நாளாகிறது. குடிப்பதற்கு மூடி வைத்திருந்த குடங்கள் மட்டும்தான். அதில் முக்கினாலும் தெரு வாறுகால் சாக்கடையில் கறுப்பாக ஓடி ஊருக்கே காட்டிக்கொடுக்கும். காலனிக்குத் தெற்கே கரிசல் காட்டைத் தாண்டி ஒரு பழைய கல்குவாரிக் கிடங்கு, கல் வெட்டியெடுத்த பெரும் பள்ளம், இருக்கிறது. கோடையிலும் அதில் ஆழத்தில் தண்ணீர் கிடக்கும். அங்கே கொண்டு போவது என்று சுடலையம்மாளே முடிவு செய்தாள். அவளிடம் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் இருந்தது. நானும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "கூட்டம் போட்டுட்டா போவாவ? நீங்க கடையத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காருங்க அண்ணாச்சி" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிரித்திகா குடிதண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து இரண்டு வெற்றுச் சாக்குகளை நனைத்துக் கொண்டு வந்து மூட்டைகள் மேல் சுற்றினாள். தானும் வருவேன் என்றாள். "ஏட்டி, நீ வீட்டுல கெட" என்று அவள் அம்மா போட்ட சத்தத்தில் நின்றுவிட்டாள். ஒரு மூட்டை முன்னால், கால் வைக்கிற இடத்தில். இன்னொன்று பின்னால் உட்கார்ந்த ஆசீர் மடியில். அந்த எக்ஸெல் இரண்டு பேர் கனத்தையும் தாங்கியது பெரிய காரியம்.

இதற்கு மேல் நடந்ததை இரண்டு பேருமே எனக்குச் சொன்னார்கள், ஆளுக்கொரு விதமாக.

வண்டி மெதுவாகப் போனது. ஒவ்வொரு குழியிலும் ஆசீர் மூட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினால் விழுந்துவிடுவோம் என்று பயந்து, மூடவும் முடியவில்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்திருக்கிறார். சுடலையம்மாள் திரும்பாமலே, "தம்பி, வாய மூடிக்கிட்டு ஜெபம் பண்ணுங்க" என்றாளாம். அன்றுவரை வாய் திறக்காமல் அவர் ஜெபம் பண்ணியதே இல்லை. வெயிலில் சாக்கு காய்ந்துகொண்டே வந்தது. ஓரத்தில் ஈரம் போய்விட்டதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

காலனி தாண்டும் இடத்தில் டீக்கடை. அங்கே முத்துசெல்வமும் கூட்டாளிகளும் நின்றிருந்தார்கள். காலையில் மைக்கில் கேட்டதைத்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். எக்ஸெல்லில் சுடலையம்மாளுக்குப் பின்னால் இந்த மலையைப் பார்த்ததும் முத்துசெல்வத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே வந்து வண்டியை மறித்தான்.

"பிரதர், ஸ்தோத்திரம். என்ன மடியில மூட்ட?"

"எள்ளுப் புண்ணாக்கு. வழிய விடுல" என்றாள் சுடலையம்மாள்.

அவன் கையில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. ஊழியர் முன்னால் புகைப்பது மரியாதை இல்லை என்று அவனுக்குத் தெரியும். பெரியவர்களைக் கண்டால் எங்கள் பையன்கள் சிகரெட்டைக் கீழே போட மாட்டார்கள், காசு போட்டு வாங்கியதாயிற்றே. மறைப்பார்கள். அவனும் மறைத்தான். வண்டியை ஒட்டி நின்றுகொண்டு, கையைத் தாழ்த்தித் தொடைக்குப் பின்னால் கொண்டு போனான். அங்கேதான் முன் மூட்டை இருந்தது. கங்குக்கும் சாக்குக்கும் நடுவில் ஒரு சாண் இல்லை.

"ஏலே, தூரப் போல!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தனக்கே தெரியாது என்றார் ஆசீர். டீக்கடையில் பாய்லர் பக்கம் நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தாராம். முத்துசெல்வம் ரோட்டின் அந்த ஓரத்துக்குப் போய்விட்டான். சிகரெட் எங்கே விழுந்தது என்று அவனுக்கே நினைவில்லை. சுடலையம்மாள் ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஆடத் தொடங்கியது. பின்னால் இருக்கிற ஆள் நடுங்குவதால் ஆடுகிறது என்று நினைத்தாளாம். பிறகு பார்த்தால், ஹேண்டில்பாரில் இருந்த அவள் கையே நடுங்கிக்கொண்டிருந்தது.

கிடங்கில் சரிவாக இறங்கும் வண்டித் தடம் வழியே போய், மூட்டைகளைக் கல்லோடு சேர்த்துக் கட்டி, தண்ணீருக்குள் தள்ளினார்கள். குமிழி விட்டுக்கொண்டே மூழ்கின. தண்ணீர் கொஞ்ச நேரம் கறுத்துப் பிறகு தெளிந்தது. இருவரும் பாறை நிழலில் உட்கார்ந்தார்கள். சுடலையம்மாள் அழுதாள். அது பயத்தில் வந்த அழுகைதான் என்று அவளே சொன்னாள்.

"அவன் கங்கு எம்புட்டுப் பக்கத்துல இருந்துச்சு" என்றாள். "வீட்டுல அடுப்பு இதவிடப் பக்கம். ஒரு நாளும் தோணல பாத்துக்கிடுங்க."

ஆசீர் மன்னிப்புக் கேட்டார். காலையில் எழுந்து போன மற்ற பெண்களிடமும் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார், அவர்கள் மனம் அவ்வளவு புண்பட்டிருக்கிறதே என்று.

சுடலையம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "அவளுவ மனசு புண்பட்டா போனாளுவ? அவளுவ வீட்டு மூட்டைய மாத்தி வைக்கப் போனாளுவ தம்பி. ஒரு வீட்டுக்குப் போலீஸ் வந்தா அடுத்த வீட்டுக்கும் வருமே."

ஆசீர், இந்த நிமிஷம் எத்தனை வீட்டில், எத்தனை தகரக் கூரைக்கடியில், எத்தனை மூட்டை ஏறியிருக்கும் என்று யோசித்திருக்கிறார். ஒரு வீட்டை நினைத்து ஒரு வாரம் நடுங்கியவர். எந்தெந்த வீடு என்று கேட்டார்.

"சொன்னா ஜெபம் பண்ணிருவீங்களே" என்றாள்.

அன்று சாயந்தரம் அவர் காலனியில் ஒவ்வொரு வீடாகப் போனார். எந்த வீடு என்று தெரியாததால் எல்லா வீட்டுக்கும் போனார். பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. "கூரை ரொம்பச் சுடுது, பரண்ல எதும் வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். சிலர் கதவையே திறக்கவில்லை. திறந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் அவர் வியர்த்து நிற்பதைப் பார்த்துவிட்டு, அவர் போன பின்னால் ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறிப் பார்த்தார்கள். அது பிறகு எனக்குத் தெரியவந்தது. ஏஜென்ட்டும் மூட்டை எங்கே என்று கேட்டு அந்த வாரம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த ஞாயிறு தன் பெயரும் குழாயில் வந்துவிடும் என்று பயந்திருப்பான்.

பிரித்திகா அந்த வாரம் வாலிபர் கூட்டத்துக்கு வரவில்லை. ஆசீர் வழியில் பார்த்தபோது தலையைத் திருப்பிக்கொண்டாள். அது நியாயம்தான். நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொல்லிவிட்ட ஆளை, ஒரு மூட்டையைச் சுமந்துவிட்டார் என்பதற்காக மன்னிக்க வேண்டுமா என்ன? ஆசீரும் அதை எதிர்பார்க்கவில்லை. கண்ணை மூடினாலும் இப்போது பயமாக இருக்கிறது அண்ணாச்சி என்று என்னிடம் சொன்னார். வாயில் என்ன வரும் என்று தெரியவில்லை என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் சுடலையம்மாள் நேராக எங்களிடம் வந்தாள். நான் வயரை மாட்டிக்கொண்டிருந்தேன். ஆசீர் பக்கத்தில் நின்றார்.

"நேத்து ஏஜென்ட் ஆளு புதுசா சரக்கு கொண்டாந்தான்" என்றாள். "பழச என்ன செஞ்சேன்னு கேக்கக்கூட இல்ல. மூட்டைய அவுத்து ஒரு கட்ட எடுத்தேன். கை நடுங்குது. எட்டு வருசம் நடுங்காத கை. உங்க கூட ஒரே ஒரு தடவ வண்டியில வந்ததுல உங்க வியாதி எனக்குத் தொத்திட்டு. திரும்ப எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டேன்."

ஆசீருக்கு முகம் மலர்ந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"பல்லக் காட்டாதீங்க. திங்கக்கெழமைல இருந்து சோத்துக்கு என்ன செய்ய? பிள்ள படிப்புக்கு என்ன செய்ய? இதுக்கும் ஜெபம் பண்ணுங்க. மைக்குலயே பண்ணுங்க. பேரச் சொல்லியே பண்ணுங்க."

குருவானவர் அன்றைக்கு அவரைக் கூப்பிட யோசித்தார். கடைசியில் கூப்பிட்டார். ஆசீர் மைக்கைப் பிடித்தார். கண்ணை மூடவில்லை. நெற்றியில் வியர்வை ஓடியது, அதைத் துடைக்கவும் இல்லை. நான் கார்டைப் பிடித்தேன். "சுடலையம்மாள் அக்கா வீட்டுல திரி இல்ல ஆண்டவரே. இப்ப வேலையும் இல்ல. இந்தச் சபையில கடை வச்சிருக்கவங்க இருக்காங்க, ஆபீஸ் வச்சிருக்கவங்க இருக்காங்க, பள்ளிக்கூடம் நடத்துறவங்க இருக்காங்க. யாராவது ஒருத்தர் அவங்களுக்கு ஒரு வேல கொடுக்கணும்" என்றார். சொல்லிவிட்டு, கண் திறந்தபடியே எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

முந்தின வாரம் வெடிமருந்துக்குக்கூட "ஆமென்" சொன்ன சபை அது. இப்போது ஆமென் என்று சொன்னது சுடலையம்மாள் ஒருத்திதான். கடைக்காரன் நான் உட்பட மற்ற யாருக்கும் வாய் வரவில்லை. சொல்லிவிட்டால், வெளியே போகும்போது அவள் நேராக நம்மிடம் வந்து நிற்பாளே என்ற பயம்.